நாற்பத்தேழில் ஆறு

முனிலட்சுமி என்னிடம் முதன்முதலாகப் பேசியது ஒரு டிசம்பர் காலையில், ஓசூரில் எங்கள் கல்லூரி மைதானத்தில், வாலிபால் நெட் கட்டிய கம்பத்தடியில். அதற்கு முன் ஒன்றரை வருஷம் ஒரே அணியில் இருந்திருக்கிறோம். அவள் ஆடுவாள், நான் ஸ்கோர் எழுதுவேன். பேச ஒன்றும் இருந்ததில்லை. அன்றைக்குப் பேசியது மட்டும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

பயிற்சி முடிந்து மற்றவர்கள் குழாயடிக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் என் எதிரே வந்து நின்றாள்.

"என்னா, எப்பப் பாத்தாலும் எழுதிக்கினே இருக்க?"

"பந்து எங்க போவுதுன்னு எழுதறேன்."

"ஸ்கோர்தான எழுதணும்?"

"இன்னைக்கு ஸ்கோர் இல்ல, பிராக்டிஸ்தான. சும்மா எழுதினேன்."

"யாரு பந்து? மோகனா அடிக்கறதா?"

"இல்ல. நீ எடுத்துக் குடுக்கறது."

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள். "இது என்னா, ஜாதகக் கட்டமா? நம்பரெல்லாம் கன்னடத்துல இருக்குது."

"அஞ்சாவது வரைக்கும் அத்திப்பள்ளியில கன்னட ஸ்கூல். நம்பர் எழுதினா அதுதான் வருது."

"எனக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நீயே சொல்லு. மொத்தம் எத்தினி?"

"நாப்பத்தேழு."

"அதுல?"

"நாப்பத்தியொண்ணு ஒரே எடத்துக்குப் போயிருக்குது. ரெண்டாவது கட்டம்."

அவள் ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கோபப்படுவாள். துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த ஆறு?" என்றாள். "அந்த ஆறு வரிசையாப் போச்சா, விட்டு விட்டுப் போச்சா?"

"விட்டு விட்டு."

"அப்பிடின்னா பரவால்ல," என்று சொல்லி நோட்டைக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

நாற்பத்தொன்றைக் கேட்டவர்கள் நாற்பத்தொன்றைப் பற்றித்தான் பேசுவார்கள். இவள் அந்த ஆறைப் பற்றி ஏன் கேட்டாள்? அதுவும் வரிசையா, விட்டு விட்டா என்று? அன்று பொருளாதார வகுப்பில் இரண்டு மணி நேரமும் எனக்கு இதே யோசனையாக இருந்தது.

வாலிபாலில் எல்லோரும் பார்ப்பது அடிக்கிறவளை. அடிப்பதற்குத் தோதாக நெட்டின் ஓரத்தில் பந்தை எடுத்துப் போடுகிறவளை லிஃப்டர் என்போம். அவளைப் பார்க்கிறவர்கள் குறைவு. முனிலட்சுமி எங்கள் லிஃப்டர். மோகனப்ரியா எங்களுக்கு அடிக்கிறவள். அவள் அடிப்பது நெட்டின் இடது பக்கத்தில், என் நோட்டில் அது இரண்டாவது கட்டம். வலது பக்கத்தில், முனிலட்சுமியின் முதுகுக்குப் பின்னால், காவியா என்றொரு உயரமான பெண் நிற்பாள். அவளுக்குப் பந்து வருவது அபூர்வம். "நான் கம்பத்துக்கு வாட்ச்மேன்," என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அந்த வருஷம் எங்கள் மண்டலத்தில் நாங்கள் முதலாவதாக வந்திருந்தோம். மற்ற வருஷங்களில் மண்டலப் போட்டியோடு எங்கள் சீசன் முடிந்துவிடும், பந்துகளைச் சாக்கில் கட்டி அறைக்குள் போட்டுவிடுவார்கள். இந்தத் தடவை, மண்டலங்களில் ஜெயித்த நாலு கல்லூரிகள் சேலத்தில் ஜனவரி கடைசியில் மோதுகின்றன என்று பி.டி. மேடம் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். தினமும் காலை ஆறரைக்கு மைதானம்.

முனிலட்சுமி ஆறு மணி டவுன் பஸ்ஸில் மூக்கண்டப்பள்ளியிலிருந்து வருவாள். அங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். ஊர் பாரூர் ஏரிப் பக்கம். அப்பா ராமப்பனும் அம்மா செல்லியும் மற்றவர்கள் வயலில் நாற்று நடவும் கரும்பு வெட்டவும் போகிறவர்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்ததே ஒரு பந்து, ஒரு நெட். அதில்தான் கற்றுக்கொண்டாள். காலை ஷிஃப்ட் கல்லூரி ஒரு மணிக்கு முடிந்ததும், சிப்காட் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு ஸ்பீடோமீட்டர் செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்கு இரண்டாவது ஷிஃப்டுக்குப் போவாள். மத்தியானச் சாப்பாடு அந்தக் கம்பெனி வேனில்தான்.

ஜனவரி முதல் வாரத்தில், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றை மேடம் நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். முதல் செட் எங்களுக்கு. செட் மாறும்போது அவர்களுடைய கோச் பெண்களைக் கூட்டிவைத்துக் கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். ஸ்கோர் மேசை பக்கத்திலேயே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அந்த லிஃப்டர் பொண்ணைப் பாக்காதீங்க. பந்தையும் பாக்காதீங்க. அந்தக் கம்பத்துலருந்து ரெண்டு கை தள்ளி நில்லுங்க. பந்து தானா அங்க வரும்."

வந்தது. மோகனப்ரியா அடித்ததெல்லாம் சுவரில் பட்ட மாதிரி திரும்பி அவள் காலடியிலேயே விழுந்தது. அடுத்த இரண்டு செட்டும் போயின.

"ஏ லட்சுமி, பந்து எனக்குத் தர்றியா, அவங்களுக்குத் தர்றியா?" என்றாள் மோகனப்ரியா.

"சரியான எடத்துக்குத்தான வந்துச்சு?"

"வந்துச்சு. அதான் பிரச்சினையே."

நான் கேட்டதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சொன்னபோது முனிலட்சுமி குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கை தள்ளின்னா சொன்னாரு?"

"ஆமா."

"கரெக்டாத்தான் சொல்லிக்கீறாரு," என்றாள். அதில் ஒரு திருப்தி இருந்தது. பிறகுதான் முகம் மாறியது. "அப்ப சேலத்துலயும் சொல்லுவாங்க இல்ல?"

"சொல்லுவாங்க. நீ பாக்காம எப்பிடி ஒரே எடத்துக்குப் போடற?"

"தெரியல. கை போவுது. நீ வேணா வியாழக்கிழமை மோகனா வீட்டுக்கு வா. பேச்சியக்கா சொல்லும்."

பேச்சியக்கா என்பது மோகனப்ரியாவின் அம்மா பேச்சியம்மாள். கணவர் வேலைக்கு வந்தபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தவர். அதே கம்பெனியில், அதே மேசையில், முனிலட்சுமிக்கு அடுத்த இடத்தில் உட்காருகிறவர். அந்த வருஷம் மின்வெட்டினால் கம்பெனிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பவர் ஹாலிடே இருந்தது. அவர்கள் கம்பெனிக்கு அது வியாழக்கிழமை.

மூக்கண்டப்பள்ளியில் வரிசையாக ஏழு வீடு, ஒரே தண்ணீர்த் தொட்டி. மோகனப்ரியாவின் வீடு நான்காவது. பேச்சியம்மாள் அடுப்பில் அப்பளம் பொரித்துக்கொண்டே பேசினார்.

"எங்க கம்பெனில பெல்ட்டு ஓடாதுளா. கைக்குக் கைதான். இவ ஆறாவது, நான் ஏழாவது. இவ டயல்ல முள்ளக் குத்தித் தருவா. நான் கண்ணாடிய வச்சு ஸ்குரூ போடுவேன். எனக்குக் கண்ணு ஸ்குரூலயே இருக்கணும். கைய நீட்டுனா டயலு அங்கன இருக்கணும். தேடப்பிடாது. ரெண்டு வருசமா தலையத் தூக்கி இவ மூஞ்சியப் பாத்ததில்ல, பாத்துக்கோ. இவ எப்பிடி இருப்பான்னு வீட்டுக்கு வந்தாத்தான் தெரியும்."

"பாத்தா மட்டும் என்ன இருக்குது?" என்றாள் முனிலட்சுமி.

"அதும் சரிதான்."

சொல்லிக்கொண்டே பேச்சியம்மாள் திரும்பாமல் கையைப் பின்னால் நீட்டினார். என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த முனிலட்சுமி, அவளும் திரும்பாமல், ஒரு தட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். தட்டு உள்ளங்கையில் போய் உட்கார்ந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் இதை நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். தட்டு, டம்ளர், உப்பு ஜாடி. மோகனப்ரியாவுக்கு இதில் ஒரு வியப்பும் இல்லை. அவள் டிவியைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஆறைப் பற்றி அங்கே கேட்டேன். பேச்சியம்மாள்தான் பதில் சொன்னார். "எங்க சூப்பர்வைசரு ராஜேஷ்குமாரு அப்பிடித்தான் கேப்பாரு. வரிசையா ஆறு தப்புனா கை கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், எந்திரின்னுருவாரு. விட்டு விட்டுத் தப்புனா மனுசக் கைதான, தப்பத்தான் செய்யும்."

"அவங்க கைய நீட்டியிருக்காங்கன்னு பாக்காம எப்பிடித் தெரியும் உனக்கு?" என்று முனிலட்சுமியைக் கேட்டேன்.

"சத்தம். அக்காவோட ஸ்குரூ டிரைவர் கிர்ருங்கும். நின்னுச்சுன்னா கை காலி. கிரவுண்டுலயும் அதான். மோகனா ஓடியாற காலு கேக்கும். கேட்டா போடுவேன்."

"ஸ்குரூ டிரைவர் நிக்கலன்னா? அவங்க கையில இன்னும் பழைய டயல் இருந்தா?"

"ஏழு ஃபுல்லுன்னா ட்ரேல வெச்சிருவேன். ட்ரே பின்னால இருக்குது. அதுக்கும் பாக்க வேணாம்..."

அங்கே நிறுத்திவிட்டாள். கையில் டம்ளர் அப்படியே இருந்தது. மோகனப்ரியா டிவியிலிருந்து தலையைத் திருப்பினாள்.

"கிரவுண்டுல உன் பின்னால யாரு நிக்கறா?" என்று கேட்டாள்.

"காவியா," என்றாள் முனிலட்சுமி.

மறுநாள் காலையில் அவளே மேடத்திடம் போய்க் கேட்டு, முதலாமாண்டுப் பெண்கள் இருவரை நெட்டுக்கு அந்தப் பக்கம் தடுக்க நிற்க வைத்தாள். அவர்கள் மோகனப்ரியாவின் பக்கம் ஓடும் காலடி கேட்டால் ஏழு ஃபுல். பந்து பின்னால் போக வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருந்தது. முதல் நாள் பந்து இரண்டு முறை கம்பத்தில் மோதியது, ஒரு முறை காவியாவின் தலையில்.

"ரெண்டு வருஷமா கும்பிட்டாலும் வராத பந்து," என்று காவியா தலையைத் தேய்த்துக்கொண்டாள். "இனிமே ஹெல்மெட் போட்டுக்கினு வரேன்."

நான் ஒவ்வொரு நாளும் எழுதினேன். இரண்டாம் கட்டத்தில் முப்பத்தைந்து என்பது முப்பதானது, பிறகு இருபத்தாறு. பத்தாம் நாள் ஐம்பது பந்தில் இருபது மோகனப்ரியாவுக்கு, பதினெட்டு பின்னால் காவியாவுக்கு, மீதி நடுவில். எந்தப் பந்து எங்கே போகும் என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை. மேடம் தாளைப் பார்த்து என் முதுகில் தட்டினார். முனிலட்சுமியிடம் காட்டினேன். புள்ளிகள் தாள் முழுக்கச் சிதறியிருந்தன. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"பாக்கவே அசிங்கமா இருக்குது," என்றாள்.

சேலத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மோகனப்ரியா காலையில் வந்ததும் என்னிடம் சொன்னாள். "நேத்து அம்மா கைய நீட்டியிருக்காங்க, டயல் இல்ல. தேடியிருக்காங்க. பாத்தா பின்னால ட்ரேல இருக்கு. லட்சுமி அத அங்க வெச்சது அவளுக்கே தெரியல."

அடுத்த நாள் டயல் மேசை ஓரத்தில் வைக்கப்பட்டு, பேச்சியம்மாளின் புறங்கை பட்டுக் கீழே விழுந்தது. ராஜேஷ்குமார் சார் வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்றுதான் கேட்டாராம். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. அன்று அவர் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. "இன்னொண்ணு விழுந்தா கொஞ்ச நாள் பேக்கிங்ல இரு," என்றார்.

பேக்கிங் என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. முனிலட்சுமி சொன்னாள். கம்பெனியில் சேர்ந்த புதிதில் எல்லோரும் பேக்கிங்கில்தான் இருப்பார்கள். ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்கச் சொல்வது அவர்களைத்தான். மேசையில் உட்காருகிறவர்களுக்கு இரண்டு வருஷம் முடிந்ததும் டிரெயினி கார்டு கொடுப்பார்கள். அவளுக்கு ஏப்ரலில் இரண்டு வருஷம் முடிகிறது. கார்டு கிடைத்தால் வேலைக்கும் சம்பளத்துக்கும் உறுதி, மூன்றாம் வருஷப் படிப்பை யாரிடமும் பணம் கேட்காமல் முடித்துவிடலாம்.

"அப்ப பழசுக்கே போயிடு," என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. அந்த நோட்டை நான் எழுதாமல் இருந்திருக்கலாம் என்றும் நினைத்தேன்.

"பழசுக்குப் போனா? சேலத்துல அந்தக் கன்னடத்துக் கோச் மாதிரி ஒருத்தர் கூடவா இருக்க மாட்டாரு?"

"கம்பெனில என்ன பண்ணுவ?"

"தலையத் திருப்பிப் பாத்து வெக்கறேன்."

"அப்பிடி வெச்சா விழாதில்ல?"

"விழாது. மெதுவாப் போவும். நாலு போற நேரத்துல மூணு போவும். அக்கா கைய நீட்டிக்கினு சும்மா உக்காந்திருக்கும்." விரல்களை மடக்கி எண்ணினாள். "ஆறு நாள்தான. பாத்துக்கலாம்."

அந்த ஆறு நாளும் பேச்சியம்மாள் அவளைக் குறை சொல்லவில்லை. மோகனப்ரியாவிடம் மட்டும், "என் கை அவளத் தேடுதுளா," என்றாராம்.

போட்டி புதனும் வியாழனும். வியாழன் எப்படியும் கம்பெனி கிடையாது. புதனுக்கு ராஜேஷ்குமார் சாரே கையெழுத்துப் போட்டு லீவு கொடுத்தார். தானும் கல்லூரியில் கபடி ஆடியவன் என்று சொன்னாராம். நாங்கள் அதிகாலை பஸ்ஸில், தொப்பூர் மலையில் காவியா இரண்டு முறை வாந்தி எடுக்க, சேலம் போய்ச் சேர்ந்தோம்.

அரையிறுதியில் எதிர் அணிக்கு ஒரு செட் முழுக்க ஒன்றும் பிடிபடவில்லை. அவர்களுடைய கோச் கோட்டுக்கு வெளியே நின்று, "லிஃப்டரைப் பாரு, லிஃப்டரைப் பாரு," என்று கத்திக்கொண்டிருந்தார். பார்த்தும் பயனில்லை. அவள் முகத்தில் எதுவும் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தடுக்கிறவர்களின் ஷூ சிமென்ட் தரையில் கிறீச்சிட்டு இடது பக்கம் போன கணத்தில் பந்து அவள் தலைக்குப் பின்னால் போய்விட்டிருக்கும். அங்கே காவியா தன்னந்தனியாக. முதல் பந்து வந்தபோது அவள் எதிரே யாருமே இல்லாததைப் பார்த்துத் திகைத்து, கையால் மெதுவாகத் தள்ளித்தான் விட்டாள். அதுவே பாயிண்ட்.

இறுதி ஆட்டத்தில் ஐந்தாவது செட் பதிமூன்றுக்குப் பதினைந்தில் தோற்றோம். எதிரணியில் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு பெண் இருந்தாள். அவள் அடித்தால் எடுக்க எங்களிடம் ஆளில்லை. முனிலட்சுமி அந்த ஆட்டத்தில் எடுத்துக் கொடுத்த பந்துகள் நூற்றுப் பன்னிரண்டு. அவற்றை நான் எழுதிய பக்கத்தை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு ஒழுங்கு கிடைக்காது. இரண்டாம் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு காவியா பஸ்ஸில் ஊர் வரை பேசிக்கொண்டே வந்தாள். முனிலட்சுமி ஜன்னலோரத்தில் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்டில் மூன்றாவது டயல் விழுந்தது. சனிக்கிழமை ஆறாவது இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை, பயிற்சி இல்லாத நாளில், ஆறு மணி பஸ்ஸில் முனிலட்சுமி வந்தாள். நான் மேடத்துக்காகக் கணக்குப் பார்த்துப் பந்துகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். கடைசிப் பந்து முடிந்ததும் கேட்டாள்.

"அந்த நோட்டு இருக்குதா?"

"இருக்குது." பையிலிருந்து எடுத்து, சேலத்துப் பக்கத்தைத் திருப்பினேன். அதைத்தான் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன். அவள் அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

"இது வேணாம். இதப் பாத்தாருன்னா சார் என்னைய பேக்கிங்லயே வெச்சிருவாரு. பழசு. அந்த நாப்பத்தேழு."

புரட்டி எடுத்தேன். டிசம்பர் பக்கம். இரண்டாம் கட்டத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பேனா மை தாளின் மறுபக்கம் வரை ஊறியிருந்தது.

"கன்னடத்துல இல்லாம, ராஜேஷ்குமார் சாருக்குப் புரியற நம்பர்ல ஒரு தாள்ல எழுதிக் குடு," என்றாள். "நெட்டு எது, கட்டம் எதுன்னு கீழ போட்டுரு. இதும் என் கைதான், ரெண்டு வாரம் குடுத்தா திரும்ப வந்துரும்னு நான் சொல்லிக்கறேன்."

சாக்கின் மேல் நோட்டை வைத்து, புதுத் தாளில் கட்டம் கட்டினேன். தேதி போட்டேன். இரண்டாம் கட்டத்தில் நாற்பத்தொன்று என்று எழுதி, அவளிடம் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். மற்ற கட்டங்கள் காலியாக இருந்தன.

"அந்த ஆறையும் எழுது," என்றாள். "ஆறு இல்லன்னா சார் நம்ப மாட்டாரு. விட்டு விட்டுப் போச்சுன்னும் எழுது."